பதினாலாம் தூண்

காந்தம் விழுந்தது.

பதின்மூன்று தூண்களில் பல்லிபோல் ஒட்டிய காந்தம்
பதினாலாவதில் நிற்காமல்
சீமெந்துத் தரையில் டங்கென்று விழுந்தது.
எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன்,
காது மந்தமானவரிடம் இரண்டாம் தரம் கேட்பதுபோல.
மறுபடியும் விழுந்தது.

நவ்ஃபர் முதலாளி வெளியே லொறிக்குள் இருந்தார்.
கிலோவுக்கு இவ்வளவென்று பேசி முற்பணமும் கொடுத்தாயிற்று.
மூன்றாம் குறுக்குத் தெரு, மரைக்கார் இரும்புக்கடை:
இருபத்துநாலு தூண், முகப்பில் ஆறு வளைவு,
ஒரு சுழல்படி, அதில் ஏழு படி இல்லை.
எண்ணுவதும் எழுதுவதும் என் வேலை.
தெருவில் ஒரு புள்ளிமான் பொலித்தீன் பையைத் தின்றுகொண்டிருந்தது.

கடையோடு சேர்த்து விற்ற பழைய சாமான்களில்
ஒரு பேரேடும் கிடந்தது, அறபுத்தமிழில்.
எனக்கு அந்த எழுத்து ஓடாது.
முதலாளியின் மருமகன் றிப்கான்
சோடா குடித்தபடி எழுத்துக்கூட்டி வாசித்தான்.

ஹிஜ்ரி ஆயிரத்து முந்நூற்று மூன்று.
கிளாஸ்கோவில் வார்த்து, பெட்டி பெட்டியாய்க்
கப்பலேறி வந்திருக்கிறது கட்டடம்.
ஒவ்வொரு துண்டின் இடுப்பிலும் புடைத்த இலக்கம்.
கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை;
இலக்கம் பார்த்துத் திருகாணி முடுக்கினால் கடை.
கயிறும் தாரும் லாம்புச் சிமினியும்
கப்பல்காரருக்கு விற்க
மீராலெப்பை மரைக்கார் கண்ட கனவு
இருபத்துநாலு காலில் நின்றது.

இருபத்துமூன்று காலில்.

வத்தையிலிருந்து கரைக்கு இறக்கும்போது
ஒன்று வழுக்கித் துறைமுகத்துக்குள் போனது.
ஈயக்கட்டி கட்டிக் கயிறு விட்டார்கள்.
முப்பது பாகம்வரை எண்ணினார்கள்.
பிறகு எண்ணவில்லை.

"கடல் பேரில் பற்று: தூண் 1"
என்று எழுதியிருக்கிறார் மரைக்கார்.
அதற்கு நேரே வரவுப் பக்கம் இன்றைக்கும் வெறுமை.

அடுத்த வரி:
"சந்தியோகு ஓடாவிக்குக் கூலி ரூபா ஒன்பது, வேட்டி ஒன்று."

அவ்வளவுதான். என்ன வேலைக்கென்று இல்லை.

திரும்பிப் போய்ச் சாவியால் சுரண்டினேன்.
ஏழெட்டுப் பூச்சுக்கும் கீழே சமண்டலை மரம்.
தோணி செதுக்கிய கை
தவாளிப்பை இழைத்திருக்கிறது, உச்சியில் இலையை விரித்திருக்கிறது,
வார்ப்படச் சாலையின் பெயரைக்கூட
எழுத்தெழுத்தாய்ப் புடைக்க வைத்திருக்கிறது.
ஓர் எழுத்து மட்டும்
மற்றவற்றுக்கு முதுகு காட்டி நிற்கிறது.
நூற்றுச்சொச்சம் வருசமாய் அதில் சாய்ந்து
பீடி குடித்த ஒருவரும் கவனிக்கவில்லை.

ஜப்பான்காரன் குண்டு போட்ட காலையில்
ஒன்பதாம் தூண் நெட்டுக்கு வெடித்தது.
வார்ப்பு வளையாது, உடையத்தான் தெரியும்.
பதினாலு கொஞ்சம் முனகியிருக்கும்.
நேவிக்காரர் போனார்கள்; சங்கக்கடை வந்தது,
கூப்பனுக்கு அரிசி கொடுத்தார்கள்.
அதற்குப் பிறகு மண்மூட்டை, காவலரண், பூட்டு.

காந்தத்தை மெல்ல மேலே நகர்த்தினேன்.
நெஞ்சுயரத்தில் ஓரிடத்தில்
தயங்கி, பிடித்துக்கொண்டது.
விரலால் தடவினால் பூச்சின் கீழே சிறு குழி.
சன்னம்.
எந்தப் பக்கத்துச் சன்னம் என்று
காந்தத்துக்குத் தெரியாது.
அந்த மரத்துக்குள் இரும்பு அது ஒன்றுதான்.

வெய்யில் ஏறிவிட்டது. லொறி ஹோர்ன் அடித்தது.
பட்டியலில் பதினாலுக்கு நேரே
ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனேன்.

முதலாளி விரல் வைத்துப் பார்த்தார்.
"இதில ஒண்டு குறையுது. எங்க?"

"கடலுக்க கிடக்கு."

அவர் சிரிக்கவில்லை.
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்,
உள்துறைமுகப் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

"எத்தின பாகம்?" என்றார்.